கொடியில் காயும் மஞ்சள் கவுன்

"இன்னும் மூணு அலதான், அப்பறம் போர்டெல்லாம் கரையேத்திடணும்" என்று தேசப்பன் சொன்னது அம்சாவின் காதில் விழத்தான் செய்தது, ஆனால் அவள் அப்போது தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் நின்று பார்த்தால் நீலம், ஓரத்தில் கால் நனைத்தால் மண் கலங்கிய டீ, இங்கே நெஞ்சளவு ஆழத்தில் ஸ்பாஞ்சு சர்ஃபிங் போர்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மூக்குக்கு ஒரு சாண் கீழே பார்த்தால் பச்சை, பழைய சோடா பாட்டிலின் பச்சை. இருபத்து நாலு வருஷமாகக் கடலுக்கு இருநூறு அடி தள்ளிப் படுத்து எழுந்தவளுக்கு இது தெரியாமலே போயிருக்கிறது. புருஷன் மதியழகனுக்குத் தெரிந்திருக்கும். தினமும் விடிகாலை மூணு மணிக்கு ஃபைபர் போட்டில் போகிற மனுஷன், ஒரு நாளாவது வந்து கடல் உள்ளே பச்சையாக இருக்குதடி என்று சொல்லியிருக்கிறானா, வந்ததும் வலையை உதறிவிட்டு சோறு எங்கே என்பான். போட்டில் ஆறு ஏழு மணி நேரம் இருக்கிறார்களே, ஒண்ணுக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது, இன்றுவரை கேட்கவில்லை. கேட்க நிறைய இருக்கிறது அவளுக்கு. ஆனால் வாய்க்கு வரும்போது தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அஞ்சாம் கிளாஸில் டீச்சர் கணக்குக்கு விடை கேட்டால் இவளுக்குத் தெரியும், தெரிந்தும் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள், பக்கத்து வரிசையிலிருந்த இதே தேசப்பன் இவள் சிலேட்டை எட்டிப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு உட்காருவான், அதையும் தப்பாகச் சொல்வான். ஏழாம் நம்பரைப் பார்த்து ஒன்று என்பான். அவன்தான் இப்போது சர்ஃபிங் மாஸ்டர். மெட்ராஸிலிருந்து காரில் வருகிறவர்கள்கூட அவனை சார் என்கிறார்கள். அதே தேசப்பன் நெஞ்சளவு தண்ணீரில் நின்று இவள் போர்டின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், தன் கால் அவன் கையில் படாமல் இருக்க அவள் குதிகாலை ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

குப்பத்துப் பொம்பளைகளுக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை சும்மாவே கத்துத் தருகிறோம் என்று சர்ஃபிங் கொட்டகைக்காரர்கள் சொன்னபோது எட்டுப் பேர் வந்தார்கள். முதல் வாரம் மணலில் போர்டு மாதிரி கோடு போட்டு அதன் மேல் படுக்க வைத்து, கையை ஊன்று, எழும்பு, குனிந்து நில்லு என்றபோது பார்க்க வந்த ஆம்பளைகள் கரையில் கிடந்த போட்டுகள் மேலே வரிசையாக உட்கார்ந்து சிரித்தார்கள், அத்தோடு நாலு பேர் போய்விட்டார்கள். ஒருத்திக்கு உப்புத் தண்ணி கண்ணில் எரிந்தது, ஒருத்தியை மாமியார் கூப்பிட்டாள். மிச்சம் இரண்டே பேர், அம்சாவும் தேவகியும். தேவகிக்கு முப்பத்தைந்து வயது, கருவாடு போடுகிறவள், வெட்கம் என்ற சங்கதி அவளுக்குக் கொடுத்தே அனுப்பவில்லை. போன வாரமே எழுந்து நின்றுவிட்டாள், நின்றது மூணு நொடி, அதை ஏழு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு இதுவரை நாலு தடவை நின்றாயிற்று. அம்சா இன்னும் ஒரு தடவைகூட நிற்கவில்லை, முழங்காலுக்கு வந்ததும் கவிழ்ந்துவிடுவாள். இன்றோடு சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போர்டெல்லாம் மெட்ராஸ்காரர்களுக்கு. கவிழ்ந்ததோடு வீட்டுக்குப் போய் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான், அதில் ஒன்றும் குறையில்லை, பாத்திரம் எப்படியும் தேய்க்க வேண்டியதுதான், ஆனால் ஜோஷிகாவிடம் என்ன சொல்வது.

நாலு வயசுப் பிள்ளை கேட்டது. போன மாசம், தலைவாரிக்கொண்டிருக்கும்போது, சும்மா, "எம்மா, கடல்லேந்து பாத்தா நம்ம வூடு தெரியுமா?" தெரியும் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள், வாயெடுத்த பிறகுதான் தெரியாது என்பது தெரிந்தது. அன்றைக்கு மதியழகனைக் கேட்டதற்கு "ஒரு கோடு மாதிரி தெரியும்" என்றான். கோடு என்றால் எப்படி, நம் வீடு கோட்டில் எந்த இடம், மாடி வீட்டுக்காரர்கள் வீடுகள் மறைக்குமா, வாசலில் நிற்கிற ஆள் தெரியுமா, அடுப்புப் புகை தெரியுமா. "கோடுன்னா கோடுதான், இன்னா பெரிசா" என்றான். அவன் சொன்னால் நிஜமாகத்தான் இருக்கும், ஆனால் அவன் பார்த்தது அவன் கண்ணோடு போயிற்று, பிள்ளை கேட்டது இவளையல்லவா. அதனால் இன்று விடியும்போதே பிள்ளையின் மஞ்சள் கவுனை, அழுக்கே இல்லாததை, திரும்பத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். பொங்கலுக்கு எடுத்த கவுன், சாமந்திப்பூ மஞ்சள், வெயில் பட்டால் கண்ணைக் குத்தும். நம் வீடு இது என்று கடலிலிருந்து அடையாளம் கண்டுபிடிக்க. பிள்ளையை எதிர்வீட்டுப் பவானியிடம் தூங்கத் தூங்கக் கொடுத்துவிட்டு, மதியழகனின் பழைய டீ-சர்ட்டைச் சுடிதார் பேன்ட்டின் மேல் மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். எல்லாம் சரி, ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. போர்டில் படுத்துக்கொண்டு பார்த்தால் கரையில் இழுத்துப் போட்டிருக்கிற போட்டுகளும் அதற்குப் பின்னால் இருக்கிற மணல் மேடும் மறைத்துக்கொள்கின்றன. மேலே தண்ணீர் டேங்க் தெரிகிறது, கோயில் கோபுரத்தின் நுனி தெரிகிறது, ஒரு செல்போன் டவர், அவ்வளவுதான். தண்ணீரில் நின்றாலும் அப்படியே. வீடு தெரிய வேண்டுமென்றால் இந்த வழுக்குகிற பலகையின் மேல் ஒரு ஆள் உயரம் எழுந்து நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

"வருது, ரெடியாவு, டேங்கப் பாரு, டேங்க மட்டும் பாரு" என்றான் தேசப்பன், போர்டு அசைந்தது, பின்னால் ஏதோ பெரிசாக மூச்சை இழுப்பது மாதிரி ஒரு சத்தம், டேங்க், டேங்க், வெள்ளை டேங்க், அதில் கறுப்பாக என்னமோ எழுதியிருக்கிறது, பஞ்சாயத்து என்று இருக்கும், கையை ஊன்று, எழும்பு, அந்த இடத்தில்தான் கழுத்து. அவள் கழுத்து அவள் சொல்லைக் கேட்கவில்லை, தானாகத் திரும்பிற்று, வலது தோளுக்கு மேலே பின்பக்கம், பார்த்துவிட்டாள், பச்சைச் சுவரின் உச்சியில் வெள்ளை உதிர்ந்துகொண்டிருந்தது, பார்த்த உடனே உடம்பும் அந்தப் பக்கம் சாய்ந்தது, போர்டு பக்கவாட்டில் நழுவிற்று, பிறகு காதெல்லாம் தண்ணீர். உள்ளே ஒன்றும் பயமில்லை, அதுதான் ஆச்சரியம். மணல் கன்னத்தில் சில்லென்று உரசிற்று, எங்கேயோ யாரோ அரிசி களைகிற மாதிரி சத்தம், காலில் கட்டியிருந்த கயிறு ஒரு இழு இழுத்தது, கன்றுக்குட்டியைக் கட்டிய மாதிரி. இவ்வளவு நாள் பயந்தது இதற்கா என்று உள்ளேயே ஒரு நினைப்பு ஓடிற்று. மேலே வந்ததும் மூக்கு எரிந்தது, தேவகியின் குரல் கேட்டது. "அடியே, பின்னால உன் வூட்டுக்காரனா வரான், அப்பிடித் திரும்பித் திரும்பிப் பாக்கற?"

திரும்பாமல் எப்படி இருப்பது. இந்தக் குப்பத்தில் பிறந்த பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் முன்னால் கற்றுக்கொடுப்பது அது ஒன்றுதான். அவளுக்கு அஞ்சு வயசிருக்கும், சிப்பி பொறுக்கிக்கொண்டு கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அம்மா எங்கிருந்தோ ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள், கடலுக்கு முதுகு குடுத்துக்கினு உக்காராதேன்னு எத்தினி தடவ சொல்றது என்று. அந்த அடி இன்னும் முதுகில் அஞ்சு விரலாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். மீன் கழுவுகிறவள், வலையிலிருந்து நண்டு எடுக்கிறவள், மணல் போட்டுப் பானை தேய்க்கிறவள், எல்லாருமே கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார்கள், எழுந்து போகும்போதுகூட நாலடி பின்னாலேயே நடந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். மெட்ராஸ்காரர்கள் திரும்பி நின்றுகொண்டு போட்டோ எடுப்பதைப் பார்த்தாலே குப்பத்துப் பொம்பளைகள் அவர்களுக்காக அலையைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கெல்லாம் இந்த விளையாட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அலை வருவதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தோஷமாகப் படுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் கழுத்தில் யாரும் அடித்து எழுதி வைக்கவில்லை. இவளுக்கு மட்டும் அலை வருகிறது என்றால் கண் அங்கே போயாக வேண்டும். தேவகி எப்படி நிற்கிறாள் என்று யோசித்தாள். தேவகி கடல் இல்லாத ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், திருத்தணியா, அரக்கோணமா, கடலையே கல்யாணத்துக்கு அப்புறம்தான் பார்த்தாள். அதுதான் விஷயம். அதைக் கண்டுபிடித்ததில் அம்சாவுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, கணக்குக்கு விடை தெரிந்த மாதிரி, அதே சமயம் விடை தெரிந்து என்ன பிரயோஜனம் என்றும் இருந்தது.

செண்பகம் அண்ணிக்குத் தெரிந்தால் என்னாகும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது, இல்லை, அது காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது, இப்போது நின்று பார்த்தாள். மதியழகனின் அக்கா, அந்த வீடே அவள் சொல்படிதான் எழும் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை மீன் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி பஸ் ஏறினால் பத்து மணிக்குத்தான் வருவாள், அந்த இடைவெளியில்தான் இந்த மூணு வாரமும், அவளிடம் போய்ச் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. பொம்பளை கடலில் இறங்கினாள் என்று தெரிந்தால் கத்தமாட்டாள், கத்தினால்கூடத் தேவலை, ஒரு வாரம் பேசாமல் இருப்பாள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைகள் தானாக முளைக்கும். ஆனால் கடல் தெரிந்தவள் அவள்தான். காற்று முற்றி, அலை உயர்ந்து, போட்டு உள்ளே வர வழி தெரியாமல் வெளியே ஆடிக்கொண்டு நிற்கிற நாட்களில் ஆம்பளைகள்கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். மணல் மேட்டின் மேல் ஏறி நிற்பாள். கண் கடல் மேலேயே இருக்கும், கை மட்டும் பேசும். உள்ளங்கையைக் காட்டி உயரத் தூக்கினால் நில்லு, பின்னால் பெரிசு இருக்கிறது. கையை வயிற்றுப் பக்கமாக வாரினால் வா, இப்பவே வா. வெளியே இருக்கிறவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, அவள் கையைத்தான் பார்ப்பான், பார்த்து இஞ்சினை முடுக்குவான். மதியழகன் எத்தனையோ தடவை அப்படி வந்திருக்கிறான். இதையெல்லாம் அம்சா பார்த்திருக்கிறாள், பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்று, ஆனால் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

போர்டைத் தள்ளிக்கொண்டு திரும்ப நடந்து வந்தபோது அவளுக்கு ஒரு கேள்வி வந்தது, வந்த கேள்வி எப்போதும் போலத் தொண்டையில் நின்றது, நின்று பார்த்தது, இன்றோடு சரி என்ற நினைப்பு பின்னாலிருந்து அதைத் தள்ளிற்று. "தேசப்பா, பாக்காம, அது வந்துடிச்சின்னு எப்பிடித் தெரியும்?" தேசப்பன் இவளைப் பார்த்தான், மூணு வாரத்தில் இவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "நாந்தான் பாக்கறேன்ல. நீ இன்னாத்துக்குப் பாக்கற?" என்றான். அது நியாயம்தான், ஆனால் ஏழாம் நம்பரை ஒன்று என்று படித்தவன் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது, சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சிரிப்பு?" "ஒண்ணுமில்ல." "டேய் தேசப்பா, அவளுக்குப் பின்னால ஒரு கண்ணாடி மாட்டி வுடு, ஆட்டோவுல இருக்குமே, அது மாதிரி" என்றாள் தேவகி. அந்தச் சிரிப்போடு இரண்டாவது அலை வந்தது, படுத்தாள், ஊன்றினாள், இந்தத் தடவை கழுத்தைப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள், கழுத்து நின்றது, ஆனால் அதைப் பிடிக்கிற மும்முரத்தில் காலை எடுத்து வைக்க மறந்துபோய் அப்படியே நாலு காலில் ஆடு மாதிரி கரை வரைக்கும் போய் மணலில் தட்டி நின்றாள். தேவகி கைதட்டினாள். அம்சா கரையைப் பார்த்தாள், மணல் மேடு, போட்டுகளின் மூக்குகள், மேலே டேங்க். கவுன் இருக்கும் இடம் அந்த மேட்டுக்குப் பின்னால்தான், மேட்டிலிருந்து இருபது முப்பது அடிதான், ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், ஆனால் அது கடலிலிருந்து பார்த்தது ஆகாது.

இன்னும் ஒன்று. தேசப்பன் வாலைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றான், கடல் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடந்தது, சின்னச் சின்னதாக வந்து போர்டின் அடியில் தட்டிவிட்டுப் போயிற்று. அம்சா கன்னத்தைப் போர்டில் வைத்துக்கொண்டாள், வெயில் முதுகில் இறங்கிற்று, டீ-சர்ட் முதுகோடு ஒட்டிக் கதகதப்பாக இருந்தது. இந்தக் கதகதப்பு எங்கேயோ தெரிந்தது. எங்கே. மத்தியானம், பிள்ளையைத் தூங்கப் பண்ணும்போது. ஜோஷிகா உள்சுவர் ஓரம், இவள் வெளிச்சுவர் ஓரம், பிள்ளை பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் முதுகு கிழக்குச் சுவரில் ஒட்டும், காலையெல்லாம் வெயில் வாங்கிய சுவர், கதகதவென்று இருக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன. மணல் மேடு, போட்டு, கடல். அப்படியென்றால் பிள்ளை பிறந்த நாளிலிருந்து தினமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள், ஒரு நாளும் யாரும் அடிக்கவில்லை, ஒரு நாளும் பயந்ததில்லை. பயப்படாததற்குக் காரணம், பார்க்காவிட்டாலும் காதுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. சின்னது விழுந்தால் தட் என்று ஒரே சத்தம். பெரிசு வருமுன்னால் கடல் ஓரத்துச் சிப்பியையெல்லாம் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் ஒரு நொடி ஒன்றும் இருக்காது, மூச்சுவிடாத மாதிரி, அதற்கப்புறம்தான் விழும், சுவர் லேசாக அதிரும், பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சுழிக்கும். அந்த ஒரு நொடியில் இவள் கை தானாகப் பிள்ளையின் காதை மூடப் போகும், கண்ணால் பார்த்துவிட்டா போகிறது, இல்லை. இத்தனை நாள் செய்துகொண்டிருந்ததை இப்போதுதான் தெரிந்துகொண்டாள். தேசப்பன் தேவகியிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், அவள் காலை எங்கே வைப்பது என்று, தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கரைப் பக்கம் சர்ரென்று இழுத்தது. போர்டு ஒரு முழம் பின்னால் போயிற்று. பிறகு ஒன்றுமில்லை. "தள்ளு" என்றாள் அம்சா. அவன் கேட்காத மாதிரி இருந்தது, ஒருவேளை அவள் மனசுக்குள்தான் சொன்னாளோ. "தேசப்பா, தள்ளு!" என்று அவள் கத்தியது தேவகிக்கும் கேட்டது.

வால் தூக்கிற்று, கால் இரண்டும் சில்லிட்டன, பின்னால் ஓட்டு மேல் மழை வருகிற மாதிரி ஒரு இரைச்சல், அது முதுகு வரை வந்தது, தோள் வரை வந்தது, கழுத்து அசைந்தது, அசையட்டும் என்று விட்டாள், அது பாதி திரும்பி, வேண்டாம் என்று தானே முன்னால் வந்தது, கேட்கிறதே, கேட்டுக்கொண்டேதானே இருக்கிறது, கையை ஊன்றினாள், இடது கால் எங்கிருந்தோ வந்து முன்னால் விழுந்தது, யாருடைய காலோ மாதிரி, முழங்கால் நடுங்கிற்று, நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தது. நின்றிருந்தாள். சத்தமெல்லாம் கீழே போய்விட்டது. அவளுடைய நிழல் முன்னால் தண்ணீரில் நீளமாகக் கையை விரித்துக்கொண்டு ஓடிற்று, இவள் அதைத் துரத்திக்கொண்டு போகிறாள். மணல் மேடு மெதுவாகத் தாழ்ந்தது, யாரோ பாயைச் சுருட்டுவது மாதிரி, அதற்குப் பின்னால் ஓட்டுக்கூரை ஒன்று, ஷீட்டு ஒன்று, பவானி வீட்டு நீலச் சுவர், காலை வெயில் முழுக்க அதன் மேல் விழுந்து ஈரப் பெயிண்ட் மாதிரி இருந்தது, அதற்கு எதிரே அவள் வீடு. கோடு இல்லை. கோடே இல்லை. வீடு வீடாகத் தெரிகிறது, கதவு தெரிகிறது, கொடி தெரிகிறது, கொடியில், கொடியில் ஒன்றுமில்லை. வெறும் கயிறு. காற்றில் பறந்துவிட்டதா, யாராவது எடுத்துக்கொண்டார்களா, கண் தவித்துக்கொண்டு வீட்டைச் சுற்றித் தேடிற்று, அப்போது மேட்டின் உச்சியில் மஞ்சளாக ஒன்று நகர்ந்தது. கவுன் நடந்து வந்துகொண்டிருந்தது. கவுனுக்குள் ஜோஷிகா இருந்தாள், ஈரத்தோடு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காலடியில் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, செண்பகம் அண்ணி.

பத்து மணிக்கு வர வேண்டியவள். கால் நழுவப் பார்த்தது. விழுந்துவிடலாம் என்று தோன்றியது, விழுந்து தண்ணீருக்குள் அந்த அரிசி களைகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம். ஆனால் அண்ணி இவளைப் பார்க்கவில்லை. இவள் தலைக்கு மேலே, இவளுக்குப் பின்னால், கண்ணை இடுக்கிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போட்டு வரும்போது பார்க்கிற அதே பார்வை. பிள்ளையின் கையை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கினாள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது அந்தக் கை, உள்ளங்கை காட்டப் போகிறதா, அம்சாவுக்கு வேறொன்றும் தெரியவில்லை, டேங்க் தெரியவில்லை, வீடு தெரியவில்லை, அந்தக் கை மட்டும்தான். கை வயிற்றுப் பக்கமாக வாரிற்று. இன்னொரு தரம் வாரிற்று. வா, இப்பவே வா. முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கினாள், நேராகப் போனாள்.

போர்டு மணலில் தட்டி அவளை இறக்கிவிட்டபோது கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள், மூச்சு வாங்கிற்று. ஜோஷிகா மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு ஓடிவந்து தண்ணீர் தொடுகிற இடத்தில் நின்றாள். "எம்மா, வூடு தெரிஞ்சுதா?" என்றாள். "தெரிஞ்சுது. கதவு தெரிஞ்சுது. நீயும் தெரிஞ்ச." "நானுமா?" என்று பிள்ளை தன் கவுனைக் குனிந்து பார்த்துக்கொண்டது. செண்பகம் அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள், கூடையில் நாலு மீன்தான் மிச்சம் கிடந்தன, வேகமாகப் போயிருக்கிறது வியாபாரம். அம்சாவின் நனைந்த டீ-சர்ட்டை, காலில் கட்டிய கயிற்றை, நெற்றியில் ஒட்டிய முடியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "துவைச்ச துணிய எதுக்குத் திரும்ப துவைக்கறன்னு காலைலயே பாத்தேன்" என்றாள். அம்சா தரையைப் பார்த்தாள். "அண்ணி" என்று ஆரம்பித்தாள், கதவு சாத்திக்கொண்டது. அண்ணியின் கண் மறுபடியும் இவள் தோளுக்கு மேலே போயிற்று. "உள்ள இருக்கறது எப்பிடிடி இருக்கும்?" என்றாள், கேட்டது கடலைப் பார்த்துத்தான், குரல் கொஞ்சம் இறங்கி இருந்தது, இருபது வருஷமாக இந்த மேட்டில் நின்று கை காட்டுகிறவளின் குரல். அவளும் கடலுக்குள் போனதில்லை என்பது அம்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "பச்சையா இருக்கு அண்ணி" என்றாள். "சோடா பாட்டில் பச்ச." செண்பகம் தலையை ஆட்டிக்கொண்டாள், எதையோ சரிபார்க்கிற மாதிரி. பிறகு, "பின்னால பெரிசு வருது, ஒரடி இந்தாண்ட வா" என்றாள். அம்சா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரடி இந்தாண்டை வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.